விதைக்கும் முன் ஜாடியை எண்ணுங்கள்

ஜெர்மனியின் டிரெஸ்டனில் காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் யாரிடமாவது எந்த மாதத்தில் வேலை அதிகம் என்று கேட்டுப் பாருங்கள். விதைக்கிற ஏப்ரலையோ நாற்று நடுகிற மே மாதத்தையோ சொல்ல மாட்டார்கள். ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பரும்தான் என்பார்கள். தக்காளி பழுப்பது, வெள்ளரி முற்றுவது, பீன்ஸ் கொத்துக் கொத்தாகத் தொங்குவது, பிளம் மரத்தடியில் பழம் உதிர்ந்து குளவி மொய்ப்பது எல்லாமே அந்தச் சில வாரங்களுக்குள் நடக்கும். அக்டோபரில் உறைபனி இறங்கத் தொடங்கும். அதற்குள் பறித்ததைச் சாப்பிட வேண்டும், பகிர வேண்டும், மிச்சத்தைக் குளிர்காலத்துக்குக் காப்பாற்ற வேண்டும்.

நம் ஊரில் ஆடிப்பட்டம் தேடி விதைப்போம். இங்கே ஆடி முடியும்போது அறுவடை உச்சத்துக்குப் போய்க்கொண்டிருக்கும். ஐப்பசிக்குப் பிறகு பங்குனி வரை மண்ணிலிருந்து கிடைப்பது லீக்ஸ், கேல் கீரை, பார்ஸ்னிப் போன்ற குளிர் தாங்கும் சில வகைகள் மட்டுமே. வருடத்தில் பாதி நாள் தோட்டம் தூங்குகிற ஊரில், விளைவிப்பது பாதி உழவு, விளைந்ததைக் காப்பது மீதிப் பாதி. ஆகவே எதை எவ்வளவு விதைப்பது என்பதை விதைப் பாக்கெட்டின் படத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், குளிர்காலத்தில் வீட்டில் எத்தனை ஜாடி தேவைப்படும் என்று எண்ணி முடிவு செய்வதுதான் சரி. இந்தப் பதிவு முழுக்க அதைப் பற்றித்தான்.

பத்து சென்ட் நிலமும் ஒரு சட்டமும்

ஜெர்மனியில் சொந்த நிலமோ தனி வீடோ இல்லாதவர்களும் காய்கறி பயிரிட வழி இருக்கிறது. அதன் பெயர் க்ளைன்கார்ட்டன், அதாவது சிறு தோட்டம். நகரமோ ரயில்வேயோ வேறு உரிமையாளரோ கொடுத்த நிலத்தைச் சங்கங்கள் துண்டு துண்டாகப் பிரித்து உறுப்பினர்களுக்குக் குத்தகைக்கு விடுகின்றன. நாடு முழுக்க இப்படிச் சுமார் 9 லட்சம் தோட்டங்கள். டிரெஸ்டன் நகரத்தில் மட்டும் முந்நூறுக்கும் அதிகமான சங்கங்களும் 20,000-க்கு மேற்பட்ட தோட்டங்களும் உள்ளன. டிராமில் எந்தத் திசையில் போனாலும் ஜன்னலுக்கு வெளியே வேலியும் பழமரமும் சின்னச் சின்னக் குடில்களும் கண்ணில் படும்.

இதற்கென்றே 1983-இல் ஒரு கூட்டாட்சிச் சட்டம் வந்தது. ஒரு தோட்டம் 400 சதுர மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. நம் கணக்கில் ஏறக்குறைய பத்து சென்ட். குடில், மூடிய தாழ்வாரத்தையும் சேர்த்து, 24 சதுர மீட்டருக்குள் இருக்க வேண்டும். அதில் நிரந்தரமாகக் குடியிருக்க முடியாது. குத்தகைத் தொகைக்கும் சட்டமே உச்சவரம்பு வைத்திருப்பதால், நகரத்தின் நடுவில் இருந்தாலும் மனை விலைக்கும் இந்த நிலத்தின் குத்தகைக்கும் சம்பந்தம் கிடையாது. இதற்குப் பதிலாக ஒரு கடமை உண்டு. நிலத்தில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கிலாவது காய்கறியும் பழமும் விளைவிக்க வேண்டும் என்று கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 2004-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. புல்தரை மட்டும் போட்டு நாற்காலி விரித்து உட்கார நினைப்பவருக்கு இது ஏற்ற இடம் அல்ல. எனக்கு இந்த விதி மிகவும் பிடிக்கும். ஏழை, பணக்காரர் என்ற பேதமில்லாமல் எவரும் தன் உணவில் ஒரு பகுதியைத் தானே விளைவித்துக்கொள்ளலாம் என்று ஒரு நாடு சட்டம் போட்டு நிலத்தைக் காப்பது சாதாரண விஷயமில்லை.

இந்தத் தோட்டங்களின் வேர் டிரெஸ்டனிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் லைப்சிக் நகரத்தில் இருக்கிறது. 1864-இல் எர்ன்ஸ்ட் இன்னொசென்ஸ் ஹவுஷில்ட் என்ற பள்ளித் தலைமையாசிரியர் பெற்றோர்களைச் சேர்த்து ஒரு சங்கம் தொடங்கினார். நகரத்துப் பிள்ளைகள் ஓடியாட வெளி வேண்டும் என்று வலியுறுத்திவந்த, 1861-இல் மறைந்த மருத்துவர் மோரிட்ஸ் ஷ்ரேபரின் பெயரை அதற்கு வைத்தார். சங்கம் அமைத்த விளையாட்டு மைதானத்தின் ஓரத்தில் கார்ல் கெசெல் என்ற ஆசிரியர் பிள்ளைகளுக்காகப் பாத்தி கட்டினார். பிள்ளைகளின் ஆர்வம் சீக்கிரமே வடிந்தது. களை எடுக்க வந்த பெற்றோர் பாத்திகளைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். குடும்பத் தோட்டங்கள் அப்படிப் பிறந்தன. ஷ்ரேபர்தோட்டம் என்ற பெயர் இன்றும் மக்கள் வாயில் இருக்கிறது.

கிழக்கு ஜெர்மனியாக இருந்த காலத்தில் இந்தத் தோட்டங்களின் மதிப்பு இன்னும் கூடியது. 1959-இல் அமைந்த தோட்டக்காரர்கள் சங்கத்தில் எண்பதுகளின் கடைசியில் சுமார் 15 லட்சம் உறுப்பினர்கள் இருந்தார்கள். கடையில் நினைத்த பழமும் காயும் கிடைக்காத நாட்டில் தோட்டம்தான் குடும்பத்தின் காய்கறிக் கடை. மிஞ்சியதை அரசுக் கொள்முதல் நிலையங்கள் விலைக்கு எடுத்துக்கொண்டன. வீட்டுக்கு எடுத்துப் போனதெல்லாம் ஜாடிக்குள் போனது. டிரெஸ்டனின் பழைய குடியிருப்புகளில் ஒவ்வொரு வீட்டுக்கும் நிலவறையில் ஓர் அறை உண்டு. அங்கே கண்ணாடி ஜாடிகளை அடுக்கிவைக்கும் பழக்கம் அந்தத் தலைமுறையிடம் இன்னும் போகவில்லை. என் பக்கத்துத் தோட்டத்துப் பெரியம்மா ஒருவர் வேலிக்கு மேல் எட்டி எனக்கு முதலில் கொடுத்தது விதையோ நாற்றோ இல்லை. ரப்பர் வளையமும் இரும்புக் கவ்வியும் சேர்த்த காலி ஜாடிகள். "முதலில் இதற்கு இடம் பார், பிறகு செடிக்குப் பார்க்கலாம்" என்றார். இன்றுவரை நான் கேட்ட தோட்ட அறிவுரைகளில் அதுதான் தலையாயது.

என்ன விளையும், என்ன விளையாது

எல்பே ஆற்றுப் பள்ளத்தாக்கு ஜெர்மனியின் கிழக்கில் கொஞ்சம் இதமான பகுதி. பக்கத்து ராடெபாய்ல் சரிவுகளில் திராட்சைத் தோட்டங்களே உண்டு. ஆனாலும் மே நடுப்பகுதி வரை இரவுப் பனியை நம்ப முடியாது. மே 11 முதல் 15 வரை வரும் ஐந்து நாட்களுக்கு இங்கே பனிப் புனிதர்களின் பெயர்கள் உண்டு. கடைசி நாள் குளிர் சோஃபி. அந்த நாள் தாண்டாமல் தக்காளி, மிளகாய், கத்தரி, பூசணி எதையும் வெளியே நடாதீர்கள் என்று எந்தத் தோட்டக்காரரும் சொல்வார். மிளகாயையும் கத்தரியையும் பிப்ரவரியிலேயே வீட்டு ஜன்னலோரத்தில் முளைக்க வைக்க வேண்டும்.

நமக்குப் பழக்கமான காய்களில் நூக்கல், முள்ளங்கி, பீட்ரூட், பீன்ஸ், பட்டாணி, முட்டைக்கோஸ் எல்லாம் இந்த மண்ணில் மிக நன்றாக வரும். நூக்கல் இங்கத்திய அன்றாடக் காய். வெந்தயக்கீரையும் கொத்தமல்லியும் வசந்தத்திலும் இலையுதிர்காலத் தொடக்கத்திலும் தழைக்கும். தண்டுக்கீரைக்கு ஜூலை வெயில் போதும். மிளகாய், கத்தரி, பாகல் மூன்றுக்கும் கண்ணாடிக் குடிலோ பாலித்தீன் கூடாரமோ வேண்டும். வெண்டை முளைக்கும், பூக்கும், ஆனால் குழம்புக்குத் தேவையான அளவுக்குக் காய்ப்பது அரிது. முருங்கைக்கு இந்தக் குளிர் ஆகாது.

இங்கே வெளியில் வளர்க்கும் தக்காளிக்கு ஓர் எதிரி உண்டு: இலையையும் காயையும் கருக்கும் பின்பருவ அழுகல் நோய். 1840-களில் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்துப் பஞ்சத்தைக் கொண்டுவந்த அதே நுண்ணுயிரிதான். இலை பல மணி நேரம் ஈரமாகவே இருந்தால் பிடித்துவிடும். ஆகஸ்ட் கடைசியில் இரவுகள் நீண்டு பனித்துளி காலை வரை நிற்கும்போது சில நாட்களில் ஒரு பாத்தியே பழுப்பாகிவிடும். மேலே ஒரு கூரை போட்டு, கீழ் இலைகளை நீக்கி, தண்ணீரை வேரில் மட்டும் ஊற்றினால் பெரிய அளவு தப்பிக்கலாம். நோய் தென்பட்ட நாளிலேயே நல்ல காய்களை எல்லாம் பச்சையாகவே பறித்துவிட வேண்டும். அவற்றில் பெரியவற்றைக் காகிதப் பெட்டியில் ஒரு ஆப்பிளோடு வைத்தால், ஆப்பிள் விடும் எத்திலீன் வாயுவில் பழுத்துவிடும்.

காக்கும் வழிகள்

உணவைக் கெடுக்கும் நுண்ணுயிர்களைத் தடுக்க உலகம் முழுக்க உள்ள வழிகள் சிலவே: நீரை எடுப்பது, உப்பிடுவது, புளிப்பாக்குவது, சூடாக்கி மூடுவது, குளிரில் வைப்பது. அவரவர் மண்ணில் எது மலிவோ அதை அவரவர் பிடித்துக்கொண்டார்கள். நான் பிறந்த சாத்தூர்ப் பக்கம் வெயிலுக்குப் பஞ்சமே இல்லை. மொட்டை மாடியில் மிளகாயும் சுண்டைக்காயும் கொத்தவரையும் சில நாட்களில் சருகாகிவிடும். டிரெஸ்டனின் செப்டம்பர் வெயில் அதற்குப் போதாது. காலையில் காய்ந்தது மாலை ஈரத்தில் மறுபடி நனைந்து பூசணம் பிடிக்கும். போனில் இதைச் சொன்னபோது அம்மா, "வெயில் இல்லேன்னா என்னம்மா, அடுப்பு இருக்குல்ல" என்றார். அதுதான் வழி. மின்அடுப்பை 50, 60 டிகிரியில் வைத்து, ஈரம் வெளியேறக் கதவிடுக்கில் ஒரு மரக்கரண்டியைச் செருகினால் போதும். பழம் உலர்த்தும் இயந்திரம் இருந்தால் இன்னும் நல்லது. மோர் மிளகாயை அப்படித்தான் போடுகிறேன்: இரவெல்லாம் உப்பு மோரில் ஊறல், பகலில் மிதமான சூட்டில் உலர்த்தல், ஈரம் அற்றுப்போகும் வரை இதே சுற்று.

டிரெஸ்டன் இருக்கும் சாக்சனி மாநிலத்துக்காரர்களும் உலர்த்துவதில் சளைத்தவர்களில்லை. 1434 முதல் நடக்கும் டிரெஸ்டனின் ஷ்ட்ரீட்சல்மார்க்ட் கிறிஸ்துமஸ் சந்தையில், உலர்ந்த பிளம் பழங்களைக் குச்சியில் கோத்து, ஏணி பிடித்த புகைபோக்கி துப்புரவுச் சிறுவனின் உருவமாகச் செய்து விற்பார்கள். செப்டம்பர் தோட்டத்து விளைச்சல் டிசம்பர் சந்தைக்கு வரும் அழகான வழி அது. உலர்த்தாத பிளம் பழங்களை மணிக்கணக்கில் வேகவைத்து, சர்க்கரை அதிகம் சேர்க்காமலே கெட்டியான கூழாக்குவார்கள். அடுப்பின் மேல் வைத்தால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். மின்அடுப்புக்குள் வைத்தால் அவ்வளவு கிண்ட வேண்டியதில்லை.

உப்பு வழியில் முட்டைக்கோஸ்தான் அரசன். மெல்லியதாக நறுக்கிய கோஸுக்கு எடையில் 2 சதவீதம் உப்பு, அதாவது 10 கிலோவுக்கு 200 கிராம். பிசைந்து மண்ஜாடியில் அழுத்தி, அதன் சாற்றிலேயே முழுதாக மூழ்கவைத்து, மேலே கல் வைக்க வேண்டும். ஜாடியின் விளிம்பில் நீர் நிற்கும் பள்ளம் இருக்கும். உள்ளே உண்டாகும் வாயு வெளியேறும், வெளிக்காற்று உள்ளே போகாது. முதலில் ஒரு வாரம் போல அறைச் சூட்டில் வைத்து, பிறகு குளிர்ந்த நிலவறைக்கு மாற்றினால் நான்கு முதல் ஆறு வாரத்தில் புளித்த கோஸ் தயார். வினிகர் ஒரு சொட்டும் சேராது. லாக்டிக் அமிலத்தை நுண்ணுயிரே செய்துகொள்கிறது. மாவடுவில் உப்பு மாங்காயின் நீரை இழுப்பதும் இங்கே கோஸின் நீரை இழுப்பதும் ஒரே வேலைதான். இரண்டிலும் காய் அதன் நீரிலேயே ஊறுகிறது.

வெள்ளரியில் இரண்டு வகை வேலை. விரலளவு பிஞ்சுகளைச் சதகுப்பைப் பூங்கொத்து, கடுகு, வெங்காயத்தோடு வினிகர் நீரில் போடலாம். வடக்கே ஷ்ப்ரேவால்டு பகுதியின் வெள்ளரி ஊறுகாய்க்கு 1999 முதல் ஐரோப்பியப் புவிசார் பாதுகாப்பு உண்டு. முற்றி மஞ்சளாகிவிட்ட வெள்ளரிகளை வீணாக்க வேண்டாம். தோல் சீவி, விதை வழித்து, துண்டுகளைக் கடுகு நிறையப் போட்டு இனிப்பும் புளிப்புமாக ஜாடியில் அடைப்பது இந்தப் பக்கத்து வீடுகளின் வழக்கம். நம் வெள்ளரிப் பச்சடிக்குப் பழகிய நாக்குக்கு அது உடனே பிடித்துப்போகும்.

சூடும் புளிப்பும்: இதில் கவனம் வேண்டும்

ஜெர்மன் வீடுகளின் பெரிய வழி சூடாக்கி மூடுவது. கண்ணாடி ஜாடி, கண்ணாடி மூடி, நடுவில் ரப்பர் வளையம், மேலே கவ்வி. வேதியியலாளர் ருடோல்ஃப் ரெம்பெல் 1892-இல் காப்புரிமை பெற்ற முறை இது. யோஹான் வெக் அதை வாங்கி, கூட்டாளி ஜார்ஜ் ஃபான் ஐக்குடன் 1900-இல் ஒஃப்லிங்கனில் நிறுவனம் தொடங்கினார். ஸ்ட்ராபெரிப் படம் பொறித்த அந்த ஜாடிகள் ஜெர்மன் சமையலறைகளில் இன்றும் காணப்படும். ஜாடியைத் தண்ணீரில் சூடாக்கும்போது உள்ளிருக்கும் காற்று வெளியேறுகிறது. ஆறும்போது வெற்றிடம் உண்டாகி மூடியை இறுக்குகிறது. முழுக்க ஆறிய பிறகு கவ்வியைக் கழற்றிவிட்டு மூடியைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். கழன்று வந்தால் அந்த ஜாடி அடைபடவில்லை. உடனே சாப்பிட்டுத் தீர்க்க வேண்டும்.

தக்காளி, வெள்ளரி, பிளம் போன்றவற்றுக்கு 90 டிகிரியில் 30 நிமிடம் போதும். பீன்ஸுக்கு 100 டிகிரியில் 2 மணி நேரம் என்று பழைய அட்டவணை சொல்கிறது. இந்த வித்தியாசத்துக்குக் காரணம் புளிப்பு. பொட்டுலிசம் நஞ்சை உண்டாக்கும் பாக்டீரியாவின் வித்துகள் மண்ணில் சாதாரணமாக இருக்கும், கொதிநீரிலும் சாகாது. அவற்றைக் கொல்ல அழுத்தக் கலத்தில் 121 டிகிரி வேண்டும். காற்றில்லாத, புளிப்பில்லாத இடத்தில்தான் அவை வளரும். உணவின் அமிலத்தன்மை பிஹெச் 4.6-க்குக் கீழே இருந்தால் வளர முடியாது. பிளம், ஆப்பிள் எல்லாம் அந்த எல்லைக்குக் கீழே. வெள்ளரியை வினிகர் கீழே கொண்டுபோகிறது. தக்காளி எல்லையிலேயே நிற்பதால் ஜாடிக்கு ஒரு கரண்டி எலுமிச்சைச் சாறு சேர்ப்பது நல்லது. பீன்ஸ், சோளம், கேரட், பூண்டு ஆகியவை புளிப்பில்லாதவை. அழுத்தக் கலம் இல்லாத வீட்டில் பீன்ஸை ஜாடியில் அடைக்காமல், மூன்று நிமிடம் கொதிநீரில் போட்டெடுத்து உறைபெட்டியில் வைப்பதே என் முடிவு. சமைக்கும்போது நன்றாக வேகவைக்க வேண்டும்; பச்சை பீன்ஸில் வயிற்றைக் கெடுக்கும் ஒரு நச்சுப் புரதம் உண்டு.

இதை நம் ஊறுகாய்க்கும் பொருத்திப் பாருங்கள். எண்ணெய் மிதந்தால் கெடாது என்று நாம் நம்புகிறோம். எண்ணெய் காற்றைத்தான் தடுக்கிறது. பொட்டுலிச பாக்டீரியாவுக்கு வேண்டியதும் காற்றில்லாத இடம்தான். நம் ஊறுகாயைக் காப்பது புளியும் எலுமிச்சையும் மாங்காயும் கைதாராளமான உப்பும். ஆகவே பூண்டை வெறும் எண்ணெயில் போட்டு அலமாரியில் வைக்காதீர்கள். உடம்புக்கு நல்லதென்று உப்பையும் புளியையும் பாதியாகக் குறைத்தால் அதன் பெயர் ஊறுகாய் இல்லை, தொடுகறி. அதன் இடம் குளிர்பெட்டி.

இரண்டு சமையலும் சேரும் இடம்

இந்த இரண்டு மரபும் கைவந்தவருக்கு இலையுதிர்காலம் பெரிய வரம். பழுத்த தக்காளியில் பாதி வெறும் சாறாக ஜாடிக்குப் போகும். ரசத்துக்கும் குழம்புக்கும் பிப்ரவரியில் அதுவே அடித்தளம். மீதிப் பாதி நல்லெண்ணெய், புளி, மிளகாய்த்தூள், வெந்தயப்பொடி சேர்த்துத் தொக்காகும். எண்ணெய் பிரிந்து வரும் வரை சுருளக் கிண்டி, சுடச்சுட ஜாடியில் அடைத்தால் பல மாதம் நிற்கும். பழுக்காமல் நின்ற பெரிய பச்சைத் தக்காளி, கடலைப்பருப்போடு கூட்டுக்கும் துவையலுக்கும் ஏற்றது. குண்டுமணி அளவுப் பிஞ்சில் கசப்பு நச்சு அதிகம், அதைத் தொட வேண்டாம். சுக்கினி நம் சுரைக்காயின் இடத்தைக் கச்சிதமாக எடுத்துக்கொள்ளும். புளித்த கோஸைப் பிழிந்து, கடுகும் வரமிளகாயும் தாளித்து, தேங்காய் தூவிப் பொரியல் செய்து பாருங்கள். உப்புச் சேர்க்க வேண்டாம். ஹொக்கைடோ பூசணிக்கு ஜாடியே வேண்டாம். காம்போடு பறித்து, உறைபனி படாத உலர்ந்த இடத்தில் வைத்தால் பொங்கல் வரை வரும்.

இனி முதலில் சொன்ன கணக்குக்கு வருகிறேன். ஒரு குடும்பத்துக்கு அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை வாரத்துக்கு அரை லிட்டர் தக்காளிச் சாறு என்று வைத்தால் 30 ஜாடி. ஒரு ஜாடிக்கு முக்கால் கிலோ பழம் என்றால் சுமார் 22 கிலோ. கூரைக்குக் கீழே ஒரு செடி மூன்று கிலோ கொடுத்தால் எட்டுச் செடி அதற்கே வேண்டும்; பறித்தவுடன் சாப்பிட இன்னும் இரண்டு மூன்று. இப்படியே கோஸ் எத்தனை தலை, வெள்ளரி எத்தனை கொடி, மிளகாய் எத்தனை செடி என்று பின்னோக்கி எண்ணிக்கொண்டு வாருங்கள். சுக்கினிக்கு ஒரு செடி தாராளம். இந்தக் கணக்கு கையில் இருந்தால் செப்டம்பர் திணறடிக்காது, தோட்டத்திலும் எதுவும் அழுகாது.

இன்ஃபினியன், குளோபல்ஃபவுண்டரிஸ், போஷ் சிப் ஆலைகளையும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தையும் நம்பி இந்த நகரத்துக்கு வரும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். தோட்டம் எடுக்க ஆசை இருந்தால் வசந்தம் வரை காத்திருக்காதீர்கள். குத்தகை ஆண்டு பெரும்பாலும் நவம்பர் 30-இல் முடிவதால் தோட்டங்கள் கைமாறுவது இலையுதிர்காலத்தில்தான். சங்கங்களின் வாசல் பலகையில் காலித் தோட்டங்களின் எண் ஒட்டியிருக்கும். போய்ப் பாருங்கள், வேலிக்குள் இருப்பவரிடம் பேசுங்கள். ஆற்றோரத் தோட்டமென்றால் 2002-இலும் 2013-இலும் வெள்ளம் வந்ததா என்று கட்டாயம் கேளுங்கள். 2002 ஆகஸ்டில் எல்பே 9.40 மீட்டருக்கு ஏறியது. அப்படி வெள்ளம் தொட்ட காயை உண்ணக் கூடாது. தண்ணீர் இணைப்பு உண்டா, சங்கத்துக்கு எத்தனை மணி நேரப் பொதுவேலை, முன்னவர் விட்டுப்போகும் குடிலுக்கும் மரத்துக்கும் மதிப்பீடு எவ்வளவு என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். இத்தனையும் சரியென்றால் கையெழுத்துப் போடுங்கள். அன்று மாலையே ரப்பர் வளையம் பத்திரமாக உள்ள பழைய ஜாடிகளைச் சேர்க்கத் தொடங்குங்கள்.